சாரலுக்கு அஞ்சிச் சாளரத்தை மூடாதீர்!

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிச் சீமையின் முகமே மாறிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாயின் வழியே ஈரக்காற்று விசையோடு இறங்கி வருகிறது. திரிகூட மலையின் உச்சி மேகத்துள் மறைகிறது. பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றால அருவியும் ஆர்ப்பரிக்கத் தொடங்குகின்றன. செங்கோட்டை, இலஞ்சி, வடகரை, கடையநல்லூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் பொடிப்பொடியாகச் சாரல் தூவுகிறது. எங்கெங்கோ இருந்து மக்கள் குளிர்ந்த அருவியில் நனைவதற்காக இங்கே வந்து குவிகின்ற அதே நாள்களில், உள்ளூர்க்காரர்களாகிய நாம் வீட்டுக்குள் வெந்நீரைத் தேடிக் கொண்டிருக்கிறோம். இந்த வேடிக்கையைக் கண்டு நாமே பலமுறை சிரித்திருக்கிறோம்.

ஆயினும் வெந்நீர் நமக்கு வெறும் சுகம் அன்று. பஜ்ருக்கு முன் குளிப்புக் கடமையானவர்கள், ஜும்ஆவுக்காகக் குளிப்பவர்கள், மூட்டுவலியோடு ஒளூச் செய்யும் முதியவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள், விடியலிலேயே பள்ளிக்குக் கிளம்பும் சிறுவர்கள் என எல்லாருக்கும் அது தேவையாயிருக்கிறது. அந்தத் தேவையை நிறைவேற்றுவதற்காக நம் வீடுகளில் குடியேறியிருப்பதுதான் காஸ் கீசர். குழாயைத் திறந்தால் 'டிக், டிக்' என்று பொறி பறந்து, கண நேரத்தில் சூடான நீரைத் தரும் அந்தச் சிறு பெட்டியைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். பேசத் தகுதியுண்டா என்று கேட்பீர்களானால், நான் பொறியாளன் அல்லன். மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். என் கையாலேயே ஒரு தவற்றைச் செய்து, அதன் விலையை என் மகளின் உயிரால் கொடுக்க இருந்தவன் என்பதே எனக்குள்ள தகுதி.

நான் அடித்த நான்கு ஆணிகள்

2022 ஆம் ஆண்டு ஆடி மாதம். என் மைத்துனர் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் அந்தக் கீசர் வாங்கப்பட்டு ஈராண்டுகள் ஆகியிருந்தன. குளியலறைக்குள்ளேயே, தலைக்கு மேலே, சுவரில் அதைப் பொருத்தியிருந்தோம். மேற்குச் சுவரில் ஒரு சிறு சாளரம் உண்டு. கண்ணாடிப் பட்டைகள் சாய்வாக அடுக்கியது. அவ்வாண்டு சாரல் கடுமையாக இருந்தது. குளிக்கும்போது அந்தச் சாளரத்தின் வழியே தூறலும் வாடைக்காற்றும் உள்ளே அடிப்பதாக வீட்டில் முறையிட்டார்கள். நான் ஒரு பலகைத் துண்டை எடுத்தேன். நான்கு ஆணிகளை அடித்துச் சாளரத்தை மூடினேன். வீட்டாருக்கு நன்மை செய்துவிட்ட நிறைவோடு சுத்தியலை எடுத்து வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை. முதலில் என் தாயார் குளித்தார்கள். பிறகு மகன் குளித்தான். மூன்றாவதாக, அப்போது ஒன்பதாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த மகள் உள்ளே சென்றாள். தண்ணீர் விழும் ஓசை கேட்டுக் கொண்டேயிருந்தது. அவளுடைய ஓசை மட்டும் இல்லை. மனைவி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, புள்ள சத்தமே காட்டல!" என்று பதறினாள். தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தபோது அவள் தரையில் சாய்ந்து கிடந்தாள். மேலே கீசரின் சுடர் மஞ்சளாக எரிந்து கொண்டிருந்தது.

வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தோம். காலையில் ஏதும் உண்ணாமல் இருந்ததால் மயக்கம் என்றார் ஒருவர். வலிப்போ என்று அஞ்சினார் இன்னொருவர். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்மாட்டிக் கருவியைப் பக்கத்து வீட்டார் கொண்டு வந்து அவள் விரலில் மாட்டினார்கள். உயிர்க்காற்று 98 என்று காட்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். அந்த எண்ணை நம்பி அவளை வீட்டிலேயே படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் என் உடல் நடுங்குகிறது.

மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "குளியலறையில் காஸ் கீசரா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "ஜன்னல் திறந்திருந்ததா?" என்பது. முதல் கேள்விக்கு ஆம் என்றேன். இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். பிற்பகலில் அவள் கண் திறந்து, "அத்தா, தலை வலிக்குது" என்றாள். அல்ஹம்துலில்லாஹ்! வீடு திரும்பியதும் நான் செய்த முதல் வேலை அந்த நான்கு ஆணிகளையும் பிடுங்கி எறிந்ததுதான்.

அடுப்பு வெளியே இருந்த காலம்

என் சிறுவயதில் எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பு கொல்லைப்புறத்தில் இருந்தது. மூன்று கல், அதன்மேல் கரி படிந்த அண்டா, கீழே தென்னம்பாளையும் சிரட்டையும். வசதியுள்ள வீடுகளில் செம்புப் பாய்லர் இருக்கும்; நடுவே ஒரு குழாய், அதனுள் கரி நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். இவற்றிலிருந்தும் நச்சுக்காற்று வரத்தான் செய்தது. கீசரிலிருந்து வருவதைவிட அதிகமாகவே வந்திருக்கும். ஆனால் அது வானத்தை நோக்கிப் போயிற்று. அண்டாவிலிருந்து வாளியில் மொண்டு கொண்டு வந்து தனியே குளித்தோம். நெருப்பு ஓரிடம், குளிப்பவர் ஓரிடம்.

கீசர் வந்தபோது நாம் செய்த மாற்றம் என்னவென்று எண்ணிப் பாருங்கள். விறகுக்குப் பதிலாக வாயு வந்தது மட்டுமன்று. கொல்லைப்புறத்து அடுப்பைத் தூக்கிக் கொண்டு வந்து, ஆறடிக்கு ஐந்தடி அறையில், தாழிட்ட கதவுக்குப் பின்னால், நம் தலைக்கு மேலே மாட்டிவிட்டோம். பெட்டி வெள்ளையாகவும் அழகாகவும் இருப்பதால் அது அடுப்பு என்பதே நமக்கு மறந்து போயிற்று. மின்சாரக் கீசரும் பார்வைக்கு ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மின்சாரக் கீசர் காற்றை உண்பதில்லை. காஸ் கீசர் உண்கிறது.

சுடர் உண்ணும் காற்று

எவ்வளவு உண்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அதில் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் முழு வேகத்தில் அரை மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ அரைக் கிலோ வாயு செலவாகும். ஆக, அதற்கு வேண்டிய காற்று 6 கன மீட்டர். ஆறடி நீளம், ஐந்தடி அகலம், எட்டடி உயரம் உள்ள குளியலறையில் அடங்கியிருக்கும் மொத்தக் காற்றோ 7 கன மீட்டர்கூட இல்லை.

மூன்று பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டில் மூன்றாவதாகச் சென்றவளுக்கு ஏன் அது நேர்ந்தது என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். சாளரம் மூடிய அறையில் முதல் ஆள் குளிக்கும்போதே காற்றின் தரம் கெடத் தொடங்குகிறது. அடுத்தடுத்து வருபவர் அந்தக் கெட்ட காற்றுக்குள் நுழைகிறார்.

போதிய காற்றுக் கிடைத்தால் வாயு முழுமையாக எரிந்து கரியமில வாயுவும் நீராவியும் ஆகிறது; சுடர் நீலமாக இருக்கிறது. காற்றுக் குறைந்தால் அரைகுறையாக எரிகிறது; சுடர் மஞ்சளாகிறது, கரி படிகிறது, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. அந்த வாயு, நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக் கொள்கிறது. பல்லக்கில் ஏற வேண்டியவர் தெருவில் நிற்க, பகைவன் ஏறி அமர்ந்து கொண்டது போலத்தான். இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது; மூளைக்கு மட்டும் ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை.

விரல்மாட்டிக் கருவி ஏன் 98 என்று காட்டியது என்பதையும் அந்த மருத்துவர் விளக்கினார். அந்தக் கருவி இரத்தத்தின் நிறத்தைப் பார்த்துக் கணக்கிடுவது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தமும் நல்ல செந்நிறமாகவே இருப்பதால் அது ஏமாந்து போகிறது. ஆகவே, குளியலறையில் மயங்கியவர் விஷயத்தில் அந்த எண்ணை நம்பி ஆறுதல் அடைந்துவிடாதீர்கள்.

வாசனையுள்ள பகைவனும் வாசனையற்ற பகைவனும்

நம் சகோதரிகளில் பலர், "காஸ் வாடை வரவில்லையே, பிறகென்ன பயம்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குள்ளேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வாயுக் கசிவு வேறு. நச்சு வாயு வேறு.

சிலிண்டரில் உள்ள வாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிந்தால் தெரிய வேண்டுமென்பதற்காக எத்தில் மெர்கேப்டன் என்னும் நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து, பொறிக்காகக் காத்திருக்கும். இந்தப் பகைவன் முன்கூட்டியே குரல் கொடுத்துவிட்டு வருபவன்.

கார்பன் மோனாக்சைடோ எரிந்த பிறகு பிறப்பது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண் எரிவதில்லை, இருமலும் வருவதில்லை. இலேசான தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால்கள் துவளுதல் ஆகியவையே அதன் அறிகுறிகள். வெந்நீரின் களைப்பு என்றோ பித்தம் என்றோ நினைத்து விடுகிறோம். வெளியே வர வேண்டும் என்று தோன்றும் வேளையில் தாழ்ப்பாளை நீக்கக் கைக்கு வலுவிருப்பதில்லை. முன்பு பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த நச்சை அறிவதற்காகக் கனாரிக் குருவிகளைக் கூண்டில் கொண்டு சென்றார்கள். 1986 ஆம் ஆண்டில்தான் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். மனிதனுக்கு முன்னே குருவி சாயும். அதைக் கண்டு மனிதன் தப்புவான். நம் குளியலறையில் அப்படியொரு குருவி இல்லை. அங்கே முதலில் சாய்வது நம் பிள்ளைதான்.

நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் இவ்வகை மயக்கத்தையும் வலிப்பையும் தங்கள் ஆய்விதழ்களில் 'காஸ் கீசர் நோய்க்குறி' என்ற பெயராலேயே எழுதியிருக்கிறார்கள். குளியலறையில் வலிப்பு வந்தவருக்குக் காலமெல்லாம் வலிப்பு மாத்திரை கொடுப்பதற்கு முன், அவ்வீட்டுக் கீசரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பதே அவர்கள் கூற்றின் சாரம்.

சீசனுக்கு முன் செய்ய வேண்டியவை

மழைக்கு முன் ஓடு மாற்றுகிறோம். ரமழானுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அதுபோல, வைகாசி முடிவதற்குள் கீசருக்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள். ஒன்பது மாதம் தூங்கிக் கிடந்த கருவி அது. அந்த ஒன்பது மாதமும் அதற்குள் யாரும் குடியில்லை என்று எண்ணாதீர்கள். குளவி கூடு கட்டியிருக்கும், சிலந்தி வலை பின்னியிருக்கும், பல்லி முட்டையிட்டிருக்கும். எரிவாய்த் துளைகளில் அடைந்த ஒரு சிலந்தி வலையே சுடரை மஞ்சளாக்கப் போதுமானது.

நாமே செய்யக்கூடியவை இவை:

1. சாளரத்தையும் காற்றுத் துளைகளையும் பாருங்கள். குளவிக் கூடு, ஒட்டடை, பழைய துணி எது இருந்தாலும் அகற்றுங்கள். கொசுவலை அடித்திருந்தால் அதில் படிந்த தூசியைக் கழுவுங்கள். தூசி அடைத்த வலை, மூடிய கதவுக்குச் சமம்.

2. தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சிறு வடிகட்டிச் சல்லடை இருக்கும். வாயுவையும் நீரையும் அடைத்துவிட்டு அதைக் கழற்றி மணலைக் கழுவிப் பொருத்துங்கள். கீசருக்குள் இருக்கும் ஒரு இரப்பர்த் தகடு நீரின் அழுத்தத்தால் அசைந்துதான் வாயுவின் வழியைத் திறக்கிறது. நீரோட்டம் குறைந்தால் சுடர் பற்றாது, விட்டுவிட்டு எரியும்.

3. பழைய பேட்டரிகளை எடுத்துவிட்டுப் புதியவை போடுங்கள். சீசன் முடிந்ததும் கழற்றி வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து அரித்துவிடும்.

4. வாயுக் குழாயின் மீது அச்சிட்டுள்ள ஆண்டைப் படியுங்கள். ஐந்தாண்டுக்கு மேல் எந்தக் குழாயையும் வைத்திருக்கக் கூடாது. வெடிப்பு, எலிக்கடி, விறைப்பு எது தெரிந்தாலும் ஐந்தாண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணெய் நிறுவனங்களின் முத்திரை பெற்ற, உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு நிறக் குழாயே ஏற்றது. அதன் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மிகக் கூடாது. சுவரைத் துளைத்து அதை நுழைக்கவும் கூடாது. தூரம் அதிகமானால் உரியவர்களைக் கொண்டு உலோகக் குழாய் போட வேண்டும்.

5. இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் அங்கே கசிவு உண்டு. தீக்குச்சி கிழித்துச் சோதிக்கும் மடமையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

6. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். 'ஏ' முதல் காலாண்டு, 'பி' இரண்டாவது, 'சி' மூன்றாவது, 'டி' நான்காவது. அதுவே அச்சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு. கெடு கடந்ததை வாங்காமல் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள், குளியலறைக்குள் வைக்காதீர்கள்.

பெட்டியைத் திறந்து செய்யும் வேலைகள் நம்முடையவை அல்ல. எரிவாயை வெளியே எடுத்துத் துடைப்பது, நீர் சூடாகும் செம்புச் சுருளின் தகடுகளுக்கிடையே அடைந்த கரியைத் தூரிகையால் நீக்குவது, ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரால் சுருளுக்குள் படிந்த சுண்ணாம்பைக் கரைப்பது, தளர்ந்த இரப்பர்த் தகட்டை மாற்றுவது ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கை ஆண்டுக்கொருமுறை அழையுங்கள். செம்புத் தகடுகளில் கரி அடைந்தால் எரிந்த காற்று மேலேறிப் போக வழியின்றித் திரும்பும். சாளரம் திறந்திருந்தாலும் நச்சு பிறக்கும். எரிவாய்த் துளையில் ஊசியை விட்டுக் குடைபவரை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் வாயு மிகுதியாகப் பாய்ந்து சுடர் கெட்டுவிடும்.

மெக்கானிக் முடித்ததும், அவர் நிற்கும்போதே கீசரை எரிய விட்டுப் பாருங்கள். சுடர் நீலமாக, நடுங்காமல், ஒரே சீராக இருக்க வேண்டும். மஞ்சள் நுனி தெரிந்தாலும், பற்றும்போது 'டப்' என்று வெடித்தாலும், பெட்டியின் மேற்புறம் கருத்திருந்தாலும் வேலை முடியவில்லை என்று பொருள். கூலி கொடுக்க அவசரப்படாதீர்கள்.

எங்கே மாட்டுவது?

எவ்வளவு துப்புரவு செய்தாலும் முதன்மையான கேள்வி இதுதான். இதற்கு என் பதில்: குளியலறைக்கு வெளியே. கொல்லைத் தாழ்வாரத்திலோ, பின்கட்டுச் சுவரிலோ, சாரல் படாதவாறு மேலே ஒரு தகரம் இறக்கி, நாற்புறமும் காற்றோடும் இடத்தில் மாட்டுங்கள். வெந்நீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வரட்டும். சில நூறு ரூபாய்க் குழாய்ச் செலவுதான். கொல்லைப்புறத்து அண்டாவின் ஞானம் இவ்வளவே: நெருப்பு வெளியே, நீர் உள்ளே.

உடனே மாற்ற இயலாத வீட்டார் ஒரு வழக்கத்தையாவது கைக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து வைத்துக் கொண்டு வாளியை நிரப்புங்கள். கீசரை அணையுங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்கள். சற்று நேரம் அறை காற்றாடட்டும். அதன் பிறகு உள்ளே சென்று தாழிடுங்கள். சுடர் எரியும் அறையில் யாரும் தாழிட்டுக் கொள்ளக் கூடாது என்பதை உங்கள் வீட்டுச் சட்டமாக்குங்கள். ஒருவர் குளித்து முடித்ததும் அடுத்தவர் உடனே நுழைய வேண்டாம். குறிப்பிட்ட நேரத்தில் தானே அணையும் வசதி சில கீசர்களில் உண்டு. அது காற்றின் தரத்தை அறிந்து அணைவதன்று, கடிகாரத்தைப் பார்த்து அணைவது. அதை நம்பிச் சாளரத்தை மூடாதீர்கள்.

காற்று வெளியேற்றும் மின்விசிறி வைத்திருக்கிறோமே என்பார்கள் சிலர். நல்லதுதான், ஆனால் உள்ளே புதுக்காற்று நுழையவும் கீழே ஒரு வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் அந்த விசிறி, புகைக்குழாய் வழியே போக வேண்டிய காற்றையே அறைக்குள் திருப்பி இழுத்துவிடக் கூடும்.

நச்சு வாயுவைக் கண்டு ஒலி எழுப்பும் கருவிகள் இப்போது நம் நாட்டிலும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சமையல் வாயுக் கசிவைக் காட்டும் கருவி வேறு, கார்பன் மோனாக்சைடைக் காட்டும் கருவி வேறு. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். சூரிய வெந்நீர்க் கருவிக்கு மாறிவிட்டால் என்ன என்று நானும் எண்ணினேன். நமக்கு வெந்நீர் மிகவும் வேண்டிய ஆனி, ஆடியில்தான் இப்பகுதியில் சூரியனே முகம் காட்டுவதில்லை!

இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்ற தாய் படுத்திருக்கும் அறையில் குளிருக்காகக் கதவடைத்துக் கரி நெருப்புச் சட்டி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அங்கே பிறப்பதும் இதே வாயுதான். அருகில் தொட்டிலில் கிடப்பதோ சிறு நுரையீரல்.

வாடகைக்கு விடுவோரும் வாடகைக்கு வருவோரும்

குற்றாலத்துச் சீசனில் எத்தனையோ வீடுகள் நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. ஒரு குடும்பம் என்று சொல்லிப் பதினைந்து பேர் வருகிறார்கள். அருவியில் நனைந்து நடுங்கித் திரும்பி, ஒருவர்பின் ஒருவராக வெந்நீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளுக்கு நேர்ந்ததை நினைத்து, அங்கே பத்தாவது ஆளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தென்கொரியாவில் காங்நுங் என்றொரு கடற்கரை ஊர். 2018 டிசம்பரில், கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதி முடித்த பத்து மாணவர்கள் அங்கே ஒரு வாடகை வீட்டில் உல்லாசமாகத் தங்கினார்கள். அந்நாட்டுக் குளிருக்கு வீட்டையே சூடாக்கும் காஸ் பாய்லர்கள் உண்டு. அந்த வீட்டுப் பாய்லரின் புகைக்குழாய் இணைப்பு விலகியிருந்தது. வெளியே போக வேண்டிய நச்சு வீட்டுக்குள் நிறைந்தது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஏழு பேர் பாதிக்கப்பட்டார்கள். குழாயின் ஓர் இணைப்பு, அவ்வளவுதான்.

பிரிட்டனில் 1998 ஆம் ஆண்டுச் சட்டவிதி ஒன்று இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுபவர், தாம் பொருத்தியுள்ள வாயுக் கருவிகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பதிவுபெற்ற வல்லுநரைக் கொண்டு சோதித்து, அந்தச் சான்றின் நகலைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். இலண்டனில் வாழும் நம் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அதைச் சட்டம் சொல்லித்தான் நாம் செய்ய வேண்டுமா? காசு வாங்கிக் கொண்டு நம் கூரைக்குக் கீழே ஒருவரை உறங்க வைக்கிறோம். அவர்களுடைய உயிர் நம் கையில் அமானிதம் அல்லவா?

வீடு வைத்திருக்கும் சகோதரர்களே! கீசரை வெளிச் சுவருக்கு மாற்றுங்கள். சீசனுக்குமுன் துப்புரவு செய்யுங்கள். 'சாளரத்தை மூடாதீர்' என்று ஓர் அட்டை எழுதித் தொங்க விடுங்கள். தங்க வருவோரே! அறை எப்படி, மெத்தை எப்படி என்று பார்க்கும் நீங்கள், குளியலறைக்குள் தலையை நீட்டி மேலேயும் பாருங்கள். உள்ளே காஸ் கீசர், சாளரமில்லை என்றால் வேறு வீடு தேடுங்கள். அல்லது அடுப்பில் காய்ச்சிக் குளியுங்கள்.

ஆபத்து நேர்ந்துவிட்டால்

குளியலறையில் ஒருவர் பதில் தராவிட்டால் தயங்காதீர்கள். நாணத்துக்கும் மரியாதைக்கும் அது நேரமன்று. கதவைத் திறந்ததும் மூச்சை அடக்கிக் கொண்டு உள்ளே சென்று, அவரை வெளியே இழுத்து வாருங்கள். துணியால் போர்த்தித் திறந்த வெளியில் படுக்க வையுங்கள். காப்பாற்றப் போனவரும் அங்கேயே சாய்ந்த நிகழ்ச்சிகள் உண்டு. ஆகவே உள்ளே நின்று தெளிவிக்க முயலாதீர்கள். வாயுவை அணைத்துக் கதவு, சாளரம் யாவற்றையும் திறவுங்கள். மூச்சு நின்றிருந்தால், அறிந்தவர் உடனே முதலுதவி தொடங்க வேண்டும். 108க்கு அழையுங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, "காஸ் கீசர் எரிந்து கொண்டிருந்தது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை, தேவையற்ற பல சோதனைகளின் நேரத்தை மிச்சமாக்கும்.

மயங்கியவர் தானே எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் ஏறிய நச்சில் பாதி இறங்குவதற்கே நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் இறங்கும். சிலருக்கு நாள்கள், வாரங்கள் கழித்து மறதியும் தடுமாற்றமும் தோன்றுவதுண்டு. தோன்றினால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். வாயுக் கசிவின் வாடை வந்தாலோ மின்விசைப் பொத்தான் எதையும் தொடாமல், போடவும் செய்யாமல் அணைக்கவும் செய்யாமல், ரெகுலேட்டரை மூடிச் சாளரங்களைத் திறந்து வெளியேறுங்கள். 1906 என்னும் அவசர எண்ணுக்கு வெளியே நின்று பேசுங்கள்.

அன்பு வாசகர்களே! மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, அதில் உறங்கியவர்களோடு தீப்பற்றிக் கொண்டது. அச்செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை எட்டியபோது, உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு மக்களுக்கு அறிவுறுத்தினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்தி வந்தேன். பாடம் நடத்திய அதே கை, பலகையை வைத்து நான்கு ஆணிகளை அடித்தது. அறிந்திருப்பது வேறு, வீட்டில் நிறைவேற்றுவது வேறு என்று அன்று கற்றுக் கொண்டேன்.

என் மகள் இப்போது கல்லூரிக்குச் செல்கிறாள். எங்கள் கீசர் கொல்லைத் தாழ்வாரத்தில், ஒரு தகரத்தின் கீழே எரிகிறது. குளியலறைச் சாளரத்தின் வழியே சாரல் இன்றும் உள்ளே அடிக்கத்தான் செய்கிறது. சாளரத்தின் சட்டத்தில் நான்கு ஆணித் துளைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை அடைக்க நான் விரும்பவில்லை. இந்த இதழை மூடி வைத்ததும் உங்கள் வீட்டுக் குளியலறைக்குச் சென்று, ஒருமுறை மேலே அண்ணாந்து பாருங்கள். அங்கே ஏதேனும் ஒரு பலகையோ, அட்டையோ, பழந்துணியோ சாளரத்தை அடைத்திருக்குமானால், நாளைக்கு என்று தள்ளிப் போடாமல் இன்றே அகற்றிவிடுங்கள். சாரல் உள்ளே வரட்டும், பாதகமில்லை. உடம்பு நனைந்தால் துவட்டிக் கொள்ளலாம்.